'நர்சிங்காவது' என்று சொல்லாதீர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வருகிற நாளில் பல வீடுகளில் ஒரு பேச்சு கேட்கும். "மார்க் கம்மியாப் போச்சு. சரி, நர்சிங்காவது படிக்கட்டும்." இருபத்தெட்டு வருடம் வார்டிலும் நர்சிங் பள்ளியிலும் வேலை பார்த்தவள் நான். அந்த 'ஆவது' இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. என்னைச் சேர்த்துவிடும்போதும் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். வேதியியலில் 200-க்கு 81 வாங்கியிருந்தேன்.

மார்க் குறைந்த பிள்ளைக்கு இந்தப் படிப்பில் வழி உண்டா என்று கேட்டால், உண்டு. எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்று பார்த்துப் போக வேண்டும்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் படிப்பு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் வேண்டும். "எங்க பொண்ணு 52 சதவீதம், அப்போ இடம் கிடைச்சிடும்" என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். 45 என்பது விண்ணப்பம் போடுவதற்கான தகுதி. இடம் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது. அரசுக் கல்லூரி இடங்கள் குறைவு, அவை மேலே இருப்பவர்களோடு முடிந்துவிடும்.

இடம் வரவில்லை என்றால் ஜி.என்.எம். என்ற டிப்ளமோ இருக்கிறது. மூன்று வருடம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் 40 சதவீதம் போதும், ஆங்கிலத்திலும் அந்த 40 இருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்களும் சேரலாம். முடித்து, நர்ஸாகக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட பிறகு, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்தால் பட்டம். நேராகப் பட்டம் படித்தவரைவிட ஒரே ஒரு வருடம் கூடுதல். அதற்கு மேல் எம்.எஸ்சி. போக, பட்டத்தில் 55 சதவீதமும் ஒரு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள். அரசு செவிலியர் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வைக்கும் தேர்வையும் டிப்ளமோ படித்தவர், பட்டம் படித்தவர் இருவருமே எழுதலாம்.

வெறும் தேர்ச்சி மட்டும் இருக்கிற பெண்களுக்கு ஏ.என்.எம். இருக்கிறது, இரண்டு வருடம். கிராமங்களில் தடுப்பூசி போட்டு, கர்ப்பிணிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. அது சின்ன வேலை இல்லை.

எனக்கு மனசு பதறுவது வேறோர் இடத்தில். ரிசல்ட் வந்த மறுநாளே ஏஜென்ட் போன் செய்வார். "மார்க்கே வேண்டாம், ஒரே வருஷம், நர்ஸ் வேலை." எங்கள் தெருவில் ஒரு பெண், காமர்ஸ் குரூப், 47 சதவீதம். அப்படி ஓர் இடத்தில் அறுபதாயிரம் கட்டிச் சேர்ந்தாள். ஒரு வருடம் படித்தாள், ஒரு வருடம் ஒரு கிளினிக்கில் வேலையும் பார்த்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அந்தச் சான்றிதழை வைத்துச் செவிலியராகப் பதிவு செய்யவே முடியாது. அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "படித்து முடித்தால் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?" வாயால் சொல்லும் பதில் போதாது. கவுன்சில் அங்கீகரித்த பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அந்தப் பெண்ணை மறுபடி ஜி.என்.எம்.மில் சேர்த்தோம். முதல் வருடம் திணறிப்போனாள். தமிழ் வழியில் படித்த பிள்ளை, பாடப் புத்தகமெல்லாம் ஆங்கிலம். மார்க் குறைந்த பிள்ளைகள் பலர் விழுவது இங்கேதான், அதற்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை. எலும்புகளின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் தன் பாஷையில் விளக்கம் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எனக்கு என் சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்த வழி அது. நான்கு மாதத்தில் அந்த நோட்டு அவளுக்குத் தேவைப்படவில்லை.

கணக்குக்கு அவள் இன்னும் அதிகம் பயந்தாள். இந்தப் பயத்தை மட்டும் நான் விட்டுவைக்க மாட்டேன். மருந்து அளவு தப்பினால் உயிர் போகும். 500 மில்லி குளுக்கோஸ் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும். ட்ரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. அப்படியென்றால் மொத்தம் பத்தாயிரம் சொட்டு, 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42. எட்டாம் வகுப்புக் கணக்குதான். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துக் கணக்கு போடுவாள். பாட்டிலை மாற்றுவேன், செட்டை மாற்றுவேன், நேரத்தை மாற்றுவேன். முதலில் பத்துக்கு நாலு சரியாக வரும். பத்துக்கு ஒன்பது வந்தாலும் நான் விடவில்லை. வார்டில் அந்தப் பத்தாவது கணக்கும் ஓர் ஆள்தானே.

இப்போது மூன்றாம் வருடம். போன வாரம் அவள் போன் செய்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு ட்ரிப் போட வந்த முதல் வருடப் பெண்ணுக்கு அவள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "வாட்ச்ச பாரும்மா. சொட்ட எண்ணு. நாப்பத்திரண்டு வருதா?"

வணக்கம்.