சோறு எத்தனை மணிக்கு வடித்தது?

வணக்கம், நேயர்களே. முகூர்த்த நாளில் தர்மபுரியில் மண்டபம் கிடைப்பதே கஷ்டம். எழுநூறு பேருக்குச் சமைத்து ஐந்நூறு பேர் சாப்பிட்டுப் போனால் மிச்சம் எங்கே போகிறது என்று கல்யாணம் நடத்திய எல்லோருக்கும் தெரியும். அதே இரவில் அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் டீயும் பன்னுமாகப் பொழுதை ஓட்டுகிறார்கள். இந்த இரண்டு இடத்தையும் சேர்த்துவைக்க நண்பர்களும் நானும் ஒரு இணையதளம் உருவாக்கி வருகிறோம்.

மண்டபத்துக்காரர் அதில் பதிவு போட்டால் பக்கத்திலுள்ள தன்னார்வலர்களின் போனுக்குத் தகவல் போகும். ஒருவர் 'நான் எடுக்கிறேன்' என்று அழுத்தியதும் மற்றவர்களுக்கு அது மறைந்துவிடும். கணினி வேலை அவ்வளவுதான். எங்களைப் பாடாய்ப் படுத்துவது நேரம்.

பாலக்கோடு பக்கம் ஒரு சமையல் மாஸ்டரிடம் 'எத்தனை பேருக்கு மீதி இருக்கும்?' என்று கேட்டேன். 'அதெப்படிங்க சொல்றது? ஒரு சிப்பம் அரிசி போட்டேன், இவ்வளவு நிக்குது' என்று கரண்டிக் காம்பை அண்டாவுக்குள் நிறுத்திக் காட்டினார். காம்பில் சோறு ஒட்டியிருந்த உயரம்தான் அவருடைய கணக்கு. அப்புறம் கேட்காமலே சொன்னார்: 'ஆறரைக்கு வடிச்சது. ஒன்பதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க. தேங்காய்ச் சட்னியைத் தொடவே தொடாதீங்க.' எங்கள் படிவத்தில் முதல் கேள்வி இப்போது அதுதான்: சோறு எத்தனை மணிக்கு வடித்தது? அளவும் அண்டாக் கணக்கில்தான், முழுசா, அரையா, காலா என்று. டைப் செய்ய நேரமில்லாத மாஸ்டர்கள் போன் செய்து சொன்னாலே போதும், நாங்கள் பதிந்துகொள்வோம்.

மாஸ்டர் அனுபவத்தில் சொன்னதற்கு அறிவியலும் துணை நிற்கிறது. பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வைத்திருங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். பசித்தவர் தானே என்று ஆறிப்போனதை நீட்டுவதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திரும்பவும் நேரத்துக்கே வருகிறேன். அரூரில் மீந்த சோற்றைத் தர்மபுரிக்குக் கொண்டுவருவதற்குள் நேரம் ஓடிவிடும். அரூர்ச் சோறு அரூரிலேயே போக வேண்டும். அதற்கு அந்தந்த ஊரில் நாலு பேர் வேண்டும், வண்டியும் மூடி போட்ட பாத்திரமும் வேண்டும். கடைசிப் பந்தி எழுந்த பிறகு கூப்பிடாதீர்கள், அதற்கு முந்தின பந்தியிலேயே சொல்லிவிடுங்கள். மாஸ்டருக்கு அப்போதே மீதி தெரிந்துவிடும்.

மீந்த உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-லேயே விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. அதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: இலையில் பரிமாறியதை நாங்கள் எடுப்பதில்லை, அண்டாவில் இருப்பது மட்டும்தான். சாம்பாரும் சோறும் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்கட்டும். வணக்கம்.