ஜார்ஜ் டவுனுக்கு ஒரு நாள் போதுமா?

கடையநல்லூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அம்மாவை மலேசியாவில் இருக்கும் பினாங்குக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி. அங்கே ஜார்ஜ் டவுன் நகரத்துக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. என்னென்ன பார்க்கலாம்?"

ஒரு நாள் போதும் தங்கச்சி. ஆனால் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் செங்கோட்டையிலிருந்து முதல் தடவை போனபோது மலை, கோட்டை, மியூசியம் என்று எல்லாவற்றுக்கும் அத்தையை இழுத்துக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் அவருக்குப் பாதம் வீங்கி, செருப்பே நுழையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெயில் ஏறுவதற்குள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவுக்கு வந்துவிடுங்கள். ஒரு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில், வாசலிலேயே ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அடுத்து மகா மாரியம்மன் கோயில், அதன் முன்வாசல் பக்கத்துக் குவீன் தெருவில் இருக்கிறது. அப்புறம்தான் பள்ளிவாசல். 1801இல் நம்ம பக்கத்து முஸ்லிம்கள் தொடங்கியது. அந்தக் காலத்தில் இந்தியர்களுக்குத் தலைவராக இருந்தவரைத்தான் 'கப்பித்தான் கெலிங்' என்றார்கள். நாலு சமயமும் ஒரே தெருவில். நின்று நின்று பாருங்கள்.

பழைய கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடை இருக்கும், 'அஞ்சடி' என்பார்கள். நம் வீட்டுத் திண்ணை மாதிரி, வெயிலும் படாது மழையும் படாது. அம்மாவை அதிலேயே நடத்திக் கூட்டிப்போங்கள். ஊருக்குள் 'கேட்' (CAT) என்று இலவச பஸ்ஸும் ஓடுகிறது.

மதியம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடி போலத் தோளில் சோறும் குழம்பும் தூக்கிப்போய் விற்ற சாப்பாடு அது. 'பஞ்சிர்' என்று சொன்னால் மூன்று நான்கு குழம்பைச் சோறு முங்குகிற அளவுக்கு ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். அம்மாவுக்குக் காரம் ஆகாது என்றால் ஒரே குழம்பு போதும்.

சாப்பிட்டதும் சூலியா தெருவில் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் பெயரில் கடல் தாண்டி ஒரு தர்கா! நம்ம பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய்ப் பழகிய அம்மாவுக்கு அது அந்நியமாகவே தெரியாது. கோட்டையை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை. வெயில் தாழ்ந்ததும் கடலோரம் சியூ ஜெட்டி. தண்ணீர்மேல் கால் ஊன்றிய மரவீடுகள். பலகையில் மெதுவாக நடக்கலாம்.

இன்னொன்று. உங்கள் ஊரிலிருந்து பினாங்குக்குப் போனவர்கள் நிறைய. கிளம்புவதற்கு முன் தெருப் பெரியவர்களிடம், யார் தாத்தா அங்கே எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தெரு பக்கத்தில் இருந்தால் அம்மாவை அங்கேயும் கூட்டிப்போங்கள்.