காத்திருப்பின் பக்கம் நின்று ஒரு பேச்சு

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'கிறிஸ்தவ நம்பிக்கை பெரிதும் வெளிப்படுவது திருவருகைக் காலக் காத்திருப்பிலா, கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்திலா?' இதுதான் தலைப்பு. திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய, நான்கு ஞாயிறுகள் கொண்ட காத்திருப்புக் காலம். நான் காத்திருப்பின் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "பாலன்தான் பிறந்தாச்சே, இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுக் கைத்தட்டலை அள்ளிவிட்டார். கேக், கேரல், குடில் என்று அவர் அடுக்க அடுக்க, பேசாமல் அணி மாறிவிடலாமா என்று எனக்கே சபலம் தட்டியது.

ஆனால் அவர் கேள்விக்குப் பதில் கோயிலிலேயே இருக்கிறது. திருவருகைக் கால முதல் ஞாயிறு வாசிக்கிற நற்செய்தி மாட்டுத்தொழுவத்தைப் பற்றியதல்ல. ஆண்டவர் மறுபடி வருவார், விழித்திருங்கள் என்பதைப் பற்றியது. பிறந்தவருக்காகத்தான் இன்னும் காத்திருக்கிறோம், சகோதரி! "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்று ரோமருக்கு எழுதிய பவுலும் எங்கள் அணியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நான்கு மெழுகுவர்த்தி வைத்த வளையம் ஏற்றுகிறோமே, அதன் கதையைக் கேளுங்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர் யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன். கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ என்று பிள்ளைகள் நச்சரிக்க, 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டுவைத்தாராம். வார நாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது, தினம் ஒன்று. வட ஜெர்மனியில் டிசம்பரில் பகல் குறுகிக்கொண்டே போகும். சக்கரத்திலோ தினமும் ஒரு சுடர் கூடும். பண்டிகை வந்த பிறகு ஏற்றிய விளக்கா அது?

இன்னொரு ஜெர்மானியர், டீட்ரிஷ் போன்ஹோஃபர். ஹிட்லரை எதிர்த்த போதகர். 1943 நவம்பரில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதுகிறார்: சிறை அறைக்கும் திருவருகைக் காலத்துக்கும் பொருத்தம் உண்டு, இரண்டிலும் கதவு வெளியிலிருந்துதான் திறந்தாக வேண்டும் என்று. சரி, அவருக்குத் திறந்ததா? 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கில் போட்டார்கள். "அப்புறம் என்னய்யா நம்பிக்கை?" என்று எதிரணி கேட்கலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்கிற ஆறுதல் பேச்சைத்தான் நீங்கள் நம்பிக்கை என்கிறீர்கள். அது அவரிடம் இல்லை. கதவைத் திறக்க ஒருவர் உண்டு என்பதை மட்டும் அவர் விடவில்லை.

சிறை என்றதும் யோவான் நினைவுக்கு வருகிறார். கத்தோலிக்கக் கோயில்களில் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. குருவானவரின் திருவுடையில் ஊதாவுக்கு நடுவே அன்று மட்டும் ரோஜா நிறம். மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டில் அன்று என்ன வாசிக்கிறார்கள் தெரியுமா? சிறையிலிருந்து யோவான் ஆள் அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்கணுமா?" என்று கேட்பதை. இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரின் சந்தேகம்! மகிழ்ச்சி ஞாயிறுக்கு இதை எடுத்து வைத்தவர்கள் நம்பிக்கையை நன்றாகப் புரிந்தவர்கள் என்பேன். கொண்டாட்டத்தில் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காத்திருப்பில் வாய்விட்டுக் கேட்கலாம்.

கொண்டாட்டமும்தான் எத்தனை நாள் தாங்குகிறது? டிசம்பர் 25 முடிந்ததும் 26 திருச்சபையின் முதல் இரத்தசாட்சி ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற நினைவு. 28 பாலன் இயேசுவைத் தேடி ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளின் நினைவு. திருச்சபை நாட்காட்டியே நம்மை மூன்று நாள் சேர்ந்தாற்போல் சிரிக்க விடுவதில்லை.

நம் கரையிலும் ஒரு டிசம்பர் 26 உண்டு. 2004, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களையும் கடல் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். முந்தின நாள் கொண்டாட்டம் அந்தக் காலையில் எவருக்குக் கைகொடுத்திருக்கும்? அடுத்த ஆண்டு நவம்பர் 27 அன்று திருவருகைக் காலம் அந்தக் கடற்கரைக்கும் வந்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் அன்று கோயில் படியேறியிருந்தால், கொண்டாடவா ஏறியிருப்பாள்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.