ஏமாற்றினால் கட்டுப்படி ஆகுமா?

எல்லோருக்கும் வணக்கம். ஏமாற்றலாமா, உழைக்கலாமா என்ற தலைப்பைக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏமாற்றுங்கள் என்று மேடையேறிச் சொல்கிறவர் யாராவது உண்டா? விடை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அப்புறம் எதற்கு ஒரு சொற்பொழிவு? அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சரியா தப்பா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வியாபாரி கேட்கிற மாதிரி கேட்போம்: கட்டுப்படி ஆகுமா?

முதலில் ஒரு வாக்குமூலம். பள்ளியில் நானும் பிட் எழுதியவன்தான். கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, இரண்டு விரல் அகலத் துண்டுத்தாள், ஊசி மாதிரி சீவிய பென்சில். திரிகோணமிதிச் சூத்திரம் எல்லாவற்றையும் அதில் அடக்க வேண்டும். இடம் போதவில்லை. சரி, இந்தச் சூத்திரத்தை அதிலிருந்தே வருவித்துவிடலாமே, அப்படியானால் இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக அடித்து அடித்து, நாலு தாளைக் கிழித்துப் போட்டு, கடைசியில் ஐந்து வரியில் முடித்தேன். மறுநாள் அந்தத் தாள் ஜாமெட்ரி பாக்ஸை விட்டு வெளியே வரவே இல்லை. எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. (மேற்பார்வையாளர் என் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றார் என்பதும் உண்மைதான்.) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த ஐந்து வரி இன்றைக்கும் எனக்கு வரும். ஏமாற்றப் போய், தெரியாத்தனமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன்.

அதே வருஷம் வேதியியலில் அந்தத் தப்பைச் செய்யவில்லை. முன் பெஞ்சுக்காரனைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஆசிரியை எங்கள் இரண்டு பேர் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரலாம்பா. தப்பு எப்படி ஒண்ணா வரும்?"

அந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் கழித்து, எதிர்பார்க்காத ஓர் இடத்தில் மறுபடி பார்த்தேன். அமெரிக்காவின் புகழ்பெற்ற பெல் ஆய்வகத்தில் ஹென்ட்ரிக் ஷோன் என்று ஓர் இயற்பியலாளர் இருந்தார். 2001-ல் சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு ஆய்வுக்கட்டுரையில் அவர் பெயர் வந்துகொண்டிருந்தது. நோபல் பரிசே வரும் என்று பேச்சு. எப்படி மாட்டினார் தெரியுமா? எந்தக் கருவியில் அளந்தாலும் வரைபடத்தில் கொஞ்சம் தாறுமாறான நடுக்கம் இருக்கும், அதை இரைச்சல் என்பார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அது வேறு வேறாகத்தான் வரும். இவருடைய வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் அந்த நடுக்கம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. அதே கதைதான், தப்பு ஒன்றாக வந்துவிட்டது. 2002-ல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை எடுத்து, 16-ல் மோசடி என்று சொன்னது. வேலை போயிற்று. ஆனால் எனக்கு உறுத்துவது அவர் பாடு அல்ல. அந்த முடிவுகளை நம்பி, தங்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்து, வராமல், நமக்குத்தான் கை சரியில்லை போலிருக்கிறது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்களே வேறு ஊர் மாணவர்கள், அந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இன்னொன்று, இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். படிவத்தின் மேலேயே 'உண்மையைத்தான் எழுதுகிறேன்' என்று கையெழுத்து வாங்கிவிட்டால் ஆட்கள் குறைவாகப் பொய் சொல்கிறார்கள் என்று 2012-ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. 2021-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதிலிருந்த தரவு புனையப்பட்டது! நேர்மையைப் பற்றிய ஆய்வு அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளிடம் நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? "எப்படியும் ஒரு நாள் மாட்டிக்கொள்வாய்." கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. 1980 பாஸ்டன் மாரத்தானில் இது எழுத்துப் பிசகாமல் நடந்தது. ரோசி ரூயிஸ் என்ற பெண் 2 மணி 31 நிமிடம் 56 விநாடியில் பெண்களில் முதலாவதாக வந்தார். கடைசி ஒரு மைலுக்குள் கூட்டத்திலிருந்து அவர் பாதையில் புகுந்ததைப் பார்த்தோம் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். ஏப்ரல் 21 போட்டி, 29 அன்று பட்டம் பறிபோயிற்று. எண்ணிப் பாருங்கள், எட்டே நாள்.

ஆனால் இதை நம்பிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள், ஏனென்றால் இது எப்போதும் பலிக்கிற பழமொழி இல்லை. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் ஜெயித்தார். ஊக்கமருந்து எடுத்ததற்காகப் பட்டங்கள் பறிபோனது 2012-ல், அவர் வாயால் ஒப்புக்கொண்டது 2013 ஜனவரியில். எட்டு நாளா அது? மாட்டாமலே போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர்தான் நமக்குத் தெரியாதே! ஏமாற்றியவன் எல்லோரும் அகப்படுவான் என்று சொல்வதே பிள்ளைகளிடம் நாம் செய்கிற ஒரு சின்ன ஏமாற்று. அவர்கள் வகுப்பிலேயே சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

ஆம்ஸ்ட்ராங் கதையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்த ஏழு பட்டத்தையும் இரண்டாவதாக வந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் முன்னணியில் இருந்த பலர் மேலேயும் ஊக்கமருந்துக் கறை. அதனால் அந்த ஆண்டுகளுக்கு வெற்றியாளர் இடம் காலியாகவே கிடக்கிறது. எல்லோரும் செய்யும்போது நான் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று கேட்பவனுக்கு இங்கே நியாயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அப்படிப்பட்ட களத்தில் யோக்கியனாக மிதித்தவன் பின்தங்கினான், வேலையை இழந்தான். அவனிடம் போய் உழைப்பே உயர்வு தரும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே சரிசெய்ய வேண்டியது களத்தை.

அப்படியானால் மாட்டாதவனுக்கு லாபம்தானே? அவசரப்படாதீர்கள். ரூயிஸிடம் திரும்பப் போவோம். ஓடி முடித்ததும் கேத்ரின் ஸ்விட்சர் என்பவர் அவரைப் பேட்டி எடுத்தார், அவரே மாரத்தான் ஓடியவர். 'இன்டர்வல்' பயிற்சி நிறையச் செய்தீர்களா என்று சாதாரணமாகக் கேட்டார். வேகமாக ஓடி, கொஞ்சம் தணித்து, மறுபடி வேகமாக ஓடுவது, ஓட்டக்காரர்களுக்கு அன்றாடச் சோறு மாதிரி. ரூயிஸ், இன்டர்வல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதே என்று திருப்பிக் கேட்டார். தலையில் வெற்றி வளையம் இருக்கிறது, ஆனால் அந்தத் தொழிலின் முதல் வார்த்தை தெரியவில்லை. ஏமாற்றினால் மெடல் கிடைக்கும், வார்த்தை கிடைக்காது. அதற்குப் பிறகு வார்த்தை தெரிந்த ஒவ்வொருவரையும் பார்த்து ஒதுங்க வேண்டும். டிகிரியைக் காப்பியடித்து வாங்கியவன் ஆபீஸில் மீட்டிங் என்றாலே ஏன் வியர்க்கிறான் என்று நினைக்கிறீர்கள்?

அதே நாளில் ஜாக்லின் காரோ என்று ஒரு பெண் 26 மைலும் ஓடி வந்தார். நீங்கள் இரண்டாவது என்று சொன்னார்கள். அப்புறம் மெடலைக் கொடுத்தார்கள்தான். ஆனால் கோட்டைத் தொடும்போது கூட்டம் ஆர்ப்பரிக்குமே அந்த ஒரு நிமிடம், அதை எந்த விழாவில் வைத்துத் தருவது? ரூயிஸ் 2019-ல் இறக்கும்வரை ஏமாற்றியதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவே இல்லை. 39 வருஷம் ஒரே பொய்யைக் கட்டிக்காப்பதும் ஒரு மாரத்தான்தான்.

இவருக்கு முன்னால், 1904-ல், செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான். நல்ல வெயில், ஒரே புழுதி. 32 பேர் ஓடத் தொடங்கி 14 பேர்தான் முடித்தார்கள். பிரெட் லோர்ஸ் என்று ஒரு கொத்தனார், தசைப்பிடிப்பு வந்து ஓட்டத்தை விட்டுவிட்டு, ஒரு காரில் ஏறி சுமார் 11 மைல் ஜாலியாக வந்தார். கார் நின்றுவிட்டது. இறங்கி அரங்கத்துக்குள் ஓடினால், முதல் ஆள் வந்துவிட்டான் என்று ஒரே கைதட்டல்! உண்மை உடனே வெளியே வந்தது, சும்மா விளையாட்டுக்குச் செய்தேன் என்றார். நிஜமாக ஜெயித்த தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் தெம்புக்காகப் பிராந்தியும் ஸ்ட்ரிக்னின் என்ற விஷத்தைக் கொஞ்சமும் கொடுத்துத் தாங்கிக் கூட்டி வந்தார்கள் என்பது தனிக்கதை. அன்றைக்கு அது விதிமீறல் இல்லையாம்.

லோர்ஸுக்கு ஆயுள் தடை விதித்தார்கள், பிறகு நீக்கினார்கள். மறு வருஷம், 1905-ல், அதே ஆள் பாஸ்டன் மாரத்தானில் போய் நின்றார். கார் இல்லை. 2 மணி 38 நிமிடம் 25 விநாடியில் முதலாவதாக வந்தார். அந்த வருஷம் ஓடாமல் விட்டிருந்தால் தன் காலுக்கு எவ்வளவு தெம்பு என்று அவருக்கே தெரிந்திருக்காது. ரூயிஸுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் வேதியியல் வந்திருக்குமா வராதா என்று இன்றுவரை தெரியாது, கணக்கு வரும் என்பது தெரியும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள். அந்த வேதியியல் தாளில் எத்தனை மார்க் போட்டார்கள் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.