கில்ட் நீளமா? கீழே கத்தரி வைக்காதீர்கள்

வணக்கம், எல்லாரும் நலமா? கிளாஸ்கோவிலிருந்து பேசுகிறேன். ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடைதான் கில்ட். அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது, வெட்டி மடித்துத் தைக்கலாமா?" தயவுசெய்து கத்தரியை எடுக்காதீர்கள். முதலில் அளவு பார்ப்போம்.

ஜீன்ஸ் போடும் இடத்தில் கில்ட்டைக் கட்டினால் எல்லாக் கில்ட்டும் நீளம்தான். தொப்புள் மட்டத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். கட்டிக்கொண்டு மண்டியிடுங்கள். கீழ் ஓரம் தரையிலிருந்து ஒரு இன்ச் மேலே நின்றால் சரியான அளவு. பல பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? சரி, இந்தக் கீழ் ஓரத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். மடிப்பு இல்லை, தையல் இல்லை. நம் வேட்டிக்கு இருப்பதுபோல, தறியிலேயே முடிந்து வந்த கரை இது. எட்டு கஜக் கில்ட் என்கிறார்களே, அதற்குப் பெரும்பாலும் நாலு கஜம் இரட்டை அகலத் துணிதான் எடுப்பார்கள். அதை நடுவில் நீளவாக்கில் பிரித்து, இரண்டு துண்டையும் சேர்க்கும் தையலை ஒரு ப்ளீட்டுக்குள், அதாவது கொசுவ மடிப்புக்குள், மறைத்துவிடுவார்கள். நெய்த கரை கீழே வரும், பிரித்த பக்கம் மேலே இடுப்புப் பட்டிக்குள் போகும். கரையை வெட்டினால் போனது போனதுதான். வெட்டாமல் மடித்தாலும், கனமான கம்பளி ஒவ்வொரு ப்ளீட்டிலும் இரட்டித்துப் பின்பக்கம் உப்பி நிற்கும். நடக்கும்போது ப்ளீட் வீசுமே, அந்த அழகு போய்விடும். எனக்கு அதுதான் கில்ட்டே!

அதனால் பெரியவர்களின் கில்ட்டை மேலிருந்துதான் குறைக்க வேண்டும். பட்டியைப் பிரித்து, மேலே கொஞ்சம் எடுத்து, பட்டியைத் திரும்ப வைப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ப்ளீட்டுகள் இடுப்பில் குறுகி, கீழே போகப் போக அகலமாகும். மேலே எடுத்தால் இடுப்புச் சுற்றளவு கூடிவிடும். ஒவ்வொரு ப்ளீட்டையும் கையால் துளி உள்ளே வாங்க வேண்டும். ப்ளீட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வாங்கினாலே, 27 ப்ளீட்டில் ஒரு இன்ச்சுக்கு மேல் குறைந்துவிடும். அதனால் அவசரம் வேண்டாம், அடிக்கடி டேப் வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வார் நுழையும் துளையும் பட்டியை நெருங்கி வரும். ஒரு இன்ச்சுக்கு மேல் குறைக்க வேண்டுமானால், கில்ட் தைப்பவரிடமே கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகள் கில்ட் வேறு கதை. அவர்கள் வளர்வார்கள், அதனால் அங்கே மடிப்புதான் நல்லது. ப்ளீட்டுகள் இடுப்பிலிருந்து பிட்டம் வரைதான் தைத்திருக்கும், கீழே விரித்துக்கொள்ளலாம். இஸ்திரி மடிப்பை ஆவியில் தளர்த்துங்கள். டார்ட்டன் என்கிற இந்தக் கட்டம் போட்ட துணியின் குறுக்குக் கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே கோட்டில் சுற்றிலும் மடியுங்கள். சாக்பீஸே தேவையில்லை, கோணாது. முன்பக்க ஓரத்துக் குஞ்சம் மடிப்புக்குள் மாட்டினால் தடித்துவிடும், அந்த அளவுக்குப் பிரித்து விலக்குங்கள். கையால், வெளியே தெரியாமல் எம்மிங் போடுங்கள். மிச்சத் துணியை வெட்டவே வேண்டாம், அடுத்த வருஷம் இறக்கிவிடலாம்.

அப்புறம் ப்ளீட்டுகளைப் பழைய மடிப்பிலேயே சேர்த்து, பெரிய ஓட்டுத்தையல் போட்டு, ஈரத் துணி விரித்து அழுத்தித் தேயுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் அந்த நூலை உருவ வேண்டும். சூட்டோடு உருவினால் ப்ளீட் நிற்காது.