முதல் கூட்டம் மாலையில் நடக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. தொடக்கப் பள்ளிகளில் இந்த ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் நேரம் இது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கூட்டத்தை எப்படி நடத்தலாம் என்று ஆசிரியர்களிடம்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நேரம். பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகிற தாய் எப்படி வருவாள்? கூலியை விட்டுவிட்டு வரச் சொல்வது நியாயமே இல்லை. வராதவர்களுக்கு அக்கறை கிடையாது என்று நாமே முடிவுகட்டியும் விடுகிறோம். மாலை ஆறு மணிக்கு வையுங்கள். ஏழுக்கு முடித்துவிடுங்கள், அவர்கள் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். சந்தை நாளும் முகூர்த்த நாளும் வேண்டாம். வகுப்பறையில் ட்யூப் லைட் எரிகிறதா என்று முந்தின நாளே போட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு அனுப்பினால், அது அப்பாவின் போனோடு திருப்பூரில் இருக்கும். பிள்ளைகளே சீட்டு எழுதட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கோணல்மாணலாக, "அம்மா, என் வகுப்புக்கு வா" என்று எழுதிக் கொடுத்தால் எந்தத் தாய்க்கும் தட்ட மனம் வராது.

வாசலில் மேசை போட்டு வருகைப் பதிவேட்டை நீட்டாதீர்கள். பேனாவைப் பார்த்ததும், "இதோ வந்துடறேன் டீச்சர்" என்று சொல்லித் திரும்பிப் போன ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அவருக்குக் கையெழுத்துப் போட வராது. அப்புறம் அவர் வரவேயில்லை. பதிவேடு கடைசியில் இருக்கட்டும். ஆசிரியரே ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளலாம்.

மேடை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். இருக்கிற ஒரு மணி நேரமும் அதற்கே போய்விடும். பெற்றோரை அவரவர் பிள்ளை உட்காரும் இடத்திலேயே உட்கார வைத்து, பத்து நிமிடம் ஒரு பாடம் நடத்துங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்ததிலிருந்து, பிள்ளை எந்த அளவுக்குக் கற்றிருக்கிறது என்பதைச் சொல்லும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் வகுப்புக்குள் வந்துவிட்டன. "எம் பையன் ஏன் டீச்சர் இன்னும் அரும்புல இருக்கான்? பக்கத்து வீட்டுப் பொண்ணு மலராமே?" என்று கேட்கிற அம்மா, அதை ஒரு ரேங்க் என்றே நினைத்துக் கவலைப்படுகிறார். வாயால் எவ்வளவு விளக்கினாலும் அந்தக் கவலை போகாது. எழுத்து அட்டைகளை அவர் கையில் கொடுங்கள். 'ப', 'ட', 'ம்' மூன்றையும் சேர்த்து வைத்து, "இதைத்தான் உங்கள் பையன் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறான், அடுத்தது வாக்கியம்" என்று காட்டுங்கள். பிள்ளை எங்கே நிற்கிறான், அடுத்து எங்கே போக வேண்டும் என்பது அவருக்குப் பிடிபட்டுவிடும். படிக்காத தாய்கூட மறுநாள் வீட்டில், "அந்த அட்டையைப் படிச்சுக் காட்டுடா" என்று கேட்பார்.

பிறகு நீங்கள் கேளுங்கள். பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எதற்குப் பயப்படுகிறது, வலிப்பு, மூச்சிரைப்பு ஏதாவது உண்டா, சாயங்காலம் யார் வந்து கூட்டிப்போவார்கள் என்றெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்? நோய் பற்றிய பேச்சைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையைப் பற்றிய குறையையும் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டாம். ஒருமுறை தலைகுனிந்த தகப்பன் மறுமுறை படியேற மாட்டார்.

காலை உணவு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். பிள்ளை தாமதமாக வந்தால் அன்றைய பொங்கலோ கிச்சடியோ அதற்கு இல்லாமல் போய்விடும்.

பள்ளியின் தேவைகளைக் கவனிக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் இந்தக் கூட்டத்திலேயே பேசிவிடலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்பது பல தாய்மார்களுக்கு இன்னும் தெரியாது.

வராதவர்களின் பெயரைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துக்குள் ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு மேல் போன் செய்யுங்கள். "ஏன் வரவில்லை?" என்று ஆரம்பிக்காமல், பிள்ளை அன்றைக்கு வகுப்பில் நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கூட்டத்தில் பேசியதைச் சொல்லலாம். வணக்கம்.