கோழி வறுவலில் விஞ்சுவது செட்டிநாடா, பள்ளிபாளையமா? பள்ளிபாளையம் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

செட்டிநாட்டு அணித் தலைவி இப்போதுதான் தன் பட்டியலை வாசித்து அமர்ந்தார். மல்லி, மிளகு, சோம்பு, சீரகம், கசகசா, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ... காத்திருந்து பார்த்தேன் ஐயா, கோழி கடைசியில்தான் வந்தது!

எங்கள் பட்டியல் ஒரு மூச்சில் முடிந்துவிடும். கோழி, சின்ன வெங்காயம், விதை உதிர்த்த காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். மல்லித்தூள் இல்லை, கரம் மசாலா இல்லை. இஞ்சி பூண்டு சிலர் தட்டிப் போடுவார்கள், சரி, போகட்டும்.

"இவ்வளவுதானா? இதெல்லாம் ஒரு சமையலா?" என்று கேட்டார் அம்மையார். அம்மா, சமையல்காரர் மாட்டிக்கொள்வதே இங்கேதான். கோழி பழசாக இருந்தால் மறைக்கக் கல்பாசி கிடையாது. மிளகாயை எண்ணெயில் போட்டுவிட்டுக் கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். அப்புறம் சட்டி முழுக்கக் கசப்பு. வெங்காயம் வதங்கியதும் கோழியைப் போட்டு மூடி, அது விடும் நீரிலேயே வேகவிட வேண்டும். சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினால் காரியம் கெட்டது. அந்த நீர் சுண்டச் சுண்ட, வெங்காயம் கரைந்து துண்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு மசாலா அதுதான். தேங்காயை அரைக்க மாட்டோம். பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவோம். கடிபட வேண்டும் அல்லவா?

மிளகாயைக் குவித்துப் போட்டால் வயிறு என்னாகும் என்றும் பயமுறுத்தினார். காரம் அதிகம் இருப்பது விதையைப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பில். கிள்ளி உதிர்க்கும்போது அதில் பெரும்பகுதி விதையோடு போய்விடும். நிறமும் மணமும் தோலில் தங்கிவிடும். பார்க்கச் சிவப்பாக மிரட்டும், அவ்வளவுதான்.

செட்டிநாட்டு மசாலாதான் மண்ணின் பழைய ருசி என்றார். அன்னாசிப்பூவின் சொந்த ஊர் தென்சீனம், வியட்நாம் பக்கம். பர்மா, மலாயா வரை கப்பலேறி வணிகம் செய்த செட்டிநாட்டு நகரத்தார்மேல் எனக்கும் பெருமை உண்டு. எங்கள் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் வந்ததுதான். அந்த வழக்கைச் சமன் என்று எழுதிக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே.

ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் மறுகரையில் இருக்கிறது பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டம், முட்டைக்கும் கோழிக்கும் பஞ்சமில்லாத சீமை. கோழியைக் கோழியாகவே தின்னத் தெரிந்த ஊர். உணவக அட்டையைப் பாருங்கள்: காளான் செட்டிநாடு, பனீர் செட்டிநாடு, காலிஃபிளவர் செட்டிநாடு. எல்லாவற்றிலும் ஒரே மணம். பள்ளிபாளையம் காளானும் உண்டே என்பீர்கள். உண்டுதான், ஆனால் கோழிச்சாறு இல்லாததால் அதில் மிளகாயும் வெங்காயமும்தான் மிஞ்சும், சாப்பிட்டவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கண்ணைக் கட்டிவிட்டு உங்கள் மசாலாவை மட்டும் நாக்கில் வைத்தால், உள்ளே இருப்பது கோழியா பனீரா என்று சொல்லிவிடுவீர்களா?